கேட் பக்கத்துல துஜாவா, செம்பருத்தியா? நர்சரிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

புது வீட்டுக்கு கேட் மாட்டியாச்சு, டைல்ஸ் ஒட்டியாச்சு, பெயின்ட்டும் காய்ஞ்சாச்சு. அடுத்து பலரும் செய்யற வேலை என்ன தெரியுமா? நர்சரிக்குப் போய், கூம்பு மாதிரி இருக்கிற ரெண்டு துஜா செடியை வாங்கிட்டு வந்து கேட்டுக்கு ரெண்டு பக்கமும் வைக்கிறது. போட்டோவுல சூப்பரா இருக்கும். பூச்சி தெரியாது, குப்பை கொட்டாது, வெட்டி விட்ட மாதிரி ஒரே ஷேப்.

நாங்களும் அதைத்தான் செஞ்சோம். தாம்பரம் பக்கத்துல இருக்கிற எங்க வீட்டு கேட்டை, கார் நுழையற அளவுக்கு அகலப்படுத்தினப்போ அங்கே ஒரு பழைய செம்பருத்தி நின்னுட்டு இருந்துச்சு. ஒத்தை அடுக்கு, ரத்தச் சிவப்பு. 'அதை எடுத்துட்டு ரெண்டு துஜா வெச்சுடலாம், நீட்டா இருக்கும்'னு சொன்னது நான்தான். அம்மா எதுவும் சொல்லலை. மறுநாள் காலையில பூக்கூடையோட வாசலுக்கு வந்தவங்க, கேட் வரைக்கும் போய் நின்னுட்டு, அப்படியே திரும்பி உள்ளே போனாங்க.

ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு மே மாசத்துல, வலது பக்கத்து துஜா கீழேயிருந்து பழுப்பாக ஆரம்பிச்சது. வாங்கின நர்சரியில கேட்டா 'தண்ணி ஜாஸ்தி'ன்னாங்க. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா 'தண்ணி கம்மி'ன்னாங்க. ஜூன்ல மொத்தமா போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் இந்த ரெண்டு செடியைப் பத்தியும் ஒழுங்கா தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. செடி வாங்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை அது.

யார் இந்த துஜா?

நம்ம நர்சரிகள்ல துஜான்னு விக்கிறது பெரும்பாலும் சீனா, கொரியா பக்கத்தைச் சேர்ந்த ஊசியிலை மர வகை. ஒரு காலத்துல துஜா ஓரியன்டாலிஸ்னு பேர் இருந்தது. இப்போ தாவரவியல்காரங்க அதைத் தனியா பிரிச்சு பிளாட்டிகிளேடஸ் ஓரியன்டாலிஸ்னு சொல்றாங்க. நர்சரி போர்டு மட்டும் மாறலை. இலைகள் மயில்தோகை விரிச்ச மாதிரி தட்டையா அடுக்கடுக்கா இருக்கறதால வடக்கே இதுக்கு 'மோர்பங்கி'ன்னு பேர். மயிலிறகுன்னு அர்த்தம்.

ஊசியிலை மரங்கள் பூக்காது. பூவுக்குப் பதிலா கூம்புதான். துஜாவுல சின்னச் சின்னதா, கொம்பு முளைச்ச மாதிரி நீலம் கலந்த பச்சையில காய்கள் தொங்கும் பாருங்க, அதுதான் அதோட கூம்பு. மகரந்தத்தைக் காத்தே கொண்டு போயிடும். தேனீயையோ தேன்சிட்டையோ கூப்பிட வேண்டிய அவசியமே அதுக்கு இல்லை. அதனால தேனும் கிடையாது.

தென்னிந்தியாவுக்கும் ஊசியிலை மரங்களுக்கும் பெரிய சொந்தமும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில இயற்கையா வளர்ற ஊசியிலை இனம் ஒண்ணே ஒண்ணுதான், நாகியா வாலிச்சியானா. அதுக்கும் இலை ஊசி மாதிரி இருக்காது, அகலமா இருக்கும். ஊட்டியிலயும் கொடைக்கானல்லயும் நாம செல்ஃபி எடுக்கிற பைன், சைப்ரஸ் மரங்கள் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை.

செம்பருத்தியைப் பத்தி உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அதுவும் ஆசியாவுல பல நூறு வருஷமா மனுஷங்க வளர்த்துப் பெருக்கின செடிதான். மலேசியாவுக்கு அது தேசிய மலர். நமக்கு அது பூஜைப்பூ, தலைக்குத் தேய்க்கிற தாளி, ஸ்கூல்ல பூவோட பாகங்களைப் படிக்கக் கிழிச்சுப் பார்த்த முதல் பூ.

'எவர்கிரீன்'ங்கிற வார்த்தையில ஒரு சின்ன விஷயம்

துஜாவை விக்கிறப்போ முதல்ல சொல்றது, 'சார், இது எவர்கிரீன். வருஷம் முழுக்கப் பச்சையா இருக்கும்.'

பனி கொட்டற ஊர்ல இது பெரிய விஷயம். அங்கே குளிர்காலத்துல பெரும்பாலான மரம், செடி எல்லாம் இலையை உதிர்த்துட்டு மொட்டையா நிக்கும். நாலஞ்சு மாசம் தோட்டத்துல பச்சைங்கிற நிறத்தைக் காட்டுறதே துஜா, ஜூனிபர், பைன் மாதிரியான மரங்கள்தான். அதனால அந்த ஊர் தோட்டப் புத்தகங்கள்ல ஊசியிலைக்கு அவ்வளவு மரியாதை.

ஆனா சென்னையிலயோ மதுரையிலயோ செம்பருத்தி எப்போ மொட்டையா நின்னுச்சு? இட்லிப்பூ, நந்தியாவட்டை, அரளி எல்லாமே இங்கே வருஷம் முழுக்கப் பச்சைதான். நம்ம ஊர் பூச்செடிகள்ல பாதிக்கு மேல எவர்கிரீன்தான், அந்தப் பேர்ல விக்கிறதில்லை, அவ்வளவுதான். பச்சையும் தந்து, அதுக்கு மேல பூவும் தர்ற செடியை எடுத்துட்டு, வெறும் பச்சைக்கு நான் காசு கொடுத்திருக்கேன்.

அப்போ துஜாவோட உண்மையான பலம் எது? ஷேப். கத்தரிக்கோல் படாமலே கூம்பா நிக்கும். ஒன்றரை அடி அகல இடத்துலயும் சமர்த்தா வளரும். மெதுவா வளர்றதால மாசாமாசம் வெட்ட வேண்டாம். டைல்ஸ்ல கறை படியற மாதிரி பூ கொட்டாது. தெருவுல போற மாடு கேட் மேல கழுத்தை நீட்டி செம்பருத்தியை மேயும், துஜா பக்கம் திரும்பாது. புல்புல், சில்லை மாதிரி குருவிங்க அடர்ந்த துஜாவுக்குள்ள கூடு கட்டவும் செய்யும். இதெல்லாம் சும்மா சொல்றதில்லை, உண்மையான ப்ளஸ்தான்.

ஒண்ணு சொல்லும், இன்னொண்ணு மறைக்கும்

ரெண்டு செடிக்கும் நடுவுல நான் கண்ட பெரிய வித்தியாசம் இதுதான். கொஞ்சம் நிதானமா படிங்க.

செம்பருத்தியோட இலை மெல்லிசு, அகலம். வேர்ல தண்ணி குறைஞ்சா மதியம் ரெண்டு மணிக்கே இலை தொங்கிடும். சாயங்காலம் ஒரு பக்கெட் தண்ணி ஊத்தினா மறுநாள் காலையில நிமிர்ந்துடும். உரம் போதலைன்னா இலை மஞ்சளாகும். மொட்டு மொட்டாவே உதிர்ந்தா தண்ணி ஏறுக்குமாறா போகுதுன்னு அர்த்தம், இல்லைன்னா பூச்சி. அதாவது, அழுது காட்டிடும். காப்பாத்த நமக்கு நேரம் கிடைக்கும்.

துஜாவோட இலை செதில் மாதிரி சின்னது, மேல மெழுகுப் பூச்சு. தண்ணியைச் சிக்கனமா பிடிச்சு வெச்சுக்கத் தெரிஞ்ச செடி. அதனால வேர் காய்ஞ்சாலும் சரி, அழுகினாலும் சரி, இலை தொங்காது. பல வாரத்துக்குப் பச்சையாவே நிக்கும். வெட்டின கிறிஸ்துமஸ் மரம் வீட்டுக்குள்ள நாள்கணக்கா பச்சையா இருக்கறது ஞாபகம் இருக்கா? அதே கதைதான். பழுப்பு நம்ம கண்ணுக்குத் தெரியறப்போ, கீழே வேர்ல விஷயம் எப்பவோ முடிஞ்சு போயிருக்கும்.

எங்க நர்சரிக்காரர் 'ஜாஸ்தி'ன்னும் 'கம்மி'ன்னும் மாத்தி மாத்திச் சொன்னதுக்குக் காரணம் இப்போ புரியுது. ரெண்டுக்கும் வெளியே தெரியற அறிகுறி ஒண்ணேதான். தெரிஞ்சுக்கணும்னா இலையைப் பார்க்கக் கூடாது. விரலை மண்ணுக்குள்ள ரெண்டு அங்குலம் விட்டுப் பார்க்கணும். ஈரமா இருந்தா தண்ணி வேண்டாம். காய்ஞ்சிருந்தா மேலாகத் தெளிக்காம, வேர் வரைக்கும் இறங்கற மாதிரி நிறைய ஊத்தணும்.

ஒரு விதிவிலக்கு. துஜாவோட உள்பக்கம், தண்டை ஒட்டி இருக்கிற பழைய இலைகள் பழுப்பாகி உதிர்றது சகஜம். வெயில் படாத உள் இலையை அது கழிச்சு விட்டுடும். அதைப் பார்த்து பயந்து தண்ணியா ஊத்தாதீங்க. வெளிப்பக்க நுனி பழுப்பானாதான் கவலைப்படணும்.

கத்தரிக்கோல் எடுக்கறதுக்கு முன்னாடி

வெட்டுற விஷயத்துலயும் ரெண்டும் எதிரெதிர். செம்பருத்தி புதுத் தளிர்லதான் மொட்டு வைக்கும். அதனால எவ்வளவு வெட்டறீங்களோ அவ்வளவு கிளை, அவ்வளவு பூ. மூணுல ஒரு பங்கை தைரியமா வெட்டலாம். வயசான செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினாக்கூட, வேர் நல்லா இருந்தா துளிர்த்து வரும். ஒன்றரை ரெண்டு மாசம் பூ இருக்காது, அவ்வளவுதான். கத்திரி வெயில்ல மட்டும் இதைச் செய்யாதீங்க.

துஜாவுல இந்த தைரியம் ஆகாது. பச்சையா இருக்கிற வெளிப்பகுதியை மட்டும் லேசா நறுக்கலாம். உள்ளே இலையில்லாத பழுப்புக் கட்டை வரைக்கும் வெட்டிட்டா, அங்கேயிருந்து பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது. ஓட்டை ஓட்டையாவே நிக்கும். 'அகலமா போயிடுச்சு, பாதியா குறைச்சு விடுங்க'ன்னு தோட்டக்காரர்கிட்ட சொல்லிட்டு ஆபீஸ் கிளம்பிடாதீங்க. அகலமாகறதுக்கு முன்னாடியே, வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை நுனி மட்டும் கிள்ளி வரணும்.

கேட் ஓரம்னா என்ன மண்ணுன்னு நினைச்சீங்க?

காய்ஞ்ச துஜாவைப் பிடுங்கினப்போதான் எனக்கு முழு விஷயமும் தெரிஞ்சது. ஒரு அடிக்குக் கீழே செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, டைல்ஸ் சில்லு, ஒரு பழைய பெயின்ட் டப்பா மூடி. வேலைக்காரங்க இடிச்சதையெல்லாம் அங்கேயே போட்டு மேல மண்ணை மூடியிருக்காங்க. துஜாவோட வேர், நர்சரியிலிருந்து வந்த அதே செம்மண் உருண்டையை விட்டு வெளியே வரவே இல்லை. கெட்டியான அந்த உருண்டை ஒருமுறை நல்லா காய்ஞ்சுட்டா, அப்புறம் ஊத்தற தண்ணி அதைச் சுத்தி ஓடிடும், உள்ளே இறங்காது.

அதனால எந்தச் செடியா இருந்தாலும், ரெண்டு அடி ஆழம், ரெண்டு அடி அகலம் தோண்டி இடிபாட்டை எடுத்துடுங்க. ரெண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு மணல் கலந்து நிரப்புங்க. செடியோட பையைக் கிழிச்சதும், வெளிப்பக்கம் வட்டமா சுத்தியிருக்கிற வேரை விரலால லேசா பிரிச்சு விடுங்க. மழைத்தண்ணி தேங்கற இடம்னா துஜாவை மறந்துடுங்க. வேர் அழுகல் அதுக்கு எமன். சென்னையில நவம்பர், டிசம்பர்ல ரெண்டு நாள் தண்ணி நின்னாலே சிக்கல்.

கேட்டுக்குன்னே இன்னும் சில தொல்லைகள் இருக்கு. தெருநாய் தினமும் ஒரே இடத்துல காலைத் தூக்கினா, துஜாவோட அடிப்பக்கம் கருகிடும். அது நோயுமில்லை, பூச்சியுமில்லை, மூத்திரத்துல இருக்கிற உப்பும் யூரியாவும்தான். எங்க வீட்டுல பழுப்பு கீழேயிருந்து ஆரம்பிச்சதுக்கு இதுலயும் ஒரு பங்கு இருக்கும்னு நினைக்கிறேன். கார் கழுவுற சோப்புத் தண்ணி வேருக்குப் போகாம பார்த்துக்கணும். கான்கிரீட் தரையும் காம்பவுண்ட் சுவரும் மே மாசத்துல திருப்பி அடிக்கிற சூடு வேற. தொட்டியில வெச்ச துஜாவுக்கு அந்தச் சூட்டுல ரெண்டு நாள் தண்ணி மறந்தாலே போதும். நாலு நாள் ஊருக்குப் போறப்போ பக்கத்து வீட்ல சொல்லிட்டுப் போங்க.

பூச்சி விஷயத்துல செம்பருத்தி ஒண்ணும் யோக்கியம் இல்லை

செம்பருத்தி வெச்சவங்களுக்குத் தெரியும், அந்த வெள்ளைப் பஞ்சு. மாவுப்பூச்சி. தளிர் சுருண்டு, மொட்டு விரியாம குறுகிப் போய், இலை மேல பிசுபிசுன்னு ஒட்டும். அந்தப் பிசுபிசுப்புக்கு எறும்பு வரும். எறும்பு அந்த இனிப்புக்காக மாவுப்பூச்சியைப் பாதுகாக்கும், ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தூக்கிட்டும் போகும். ஆக, எறும்பு வரிசையைப் பார்த்தாலே உஷாராகிடுங்க.

முதல்ல ரொம்ப பாதிச்ச நுனிகளை வெட்டி, பையில போட்டுக் கட்டி எறிஞ்சுடுங்க. உரக்குழியில போடாதீங்க. மிச்சத்தை ஹோஸ் பைப்ல வேகமா தண்ணி அடிச்சுக் கழுவுங்க. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புத் திரவம் கலந்து, சாயங்காலமா, இலையோட அடிப்பக்கமும் நனையற மாதிரி தெளிங்க. வாரம் ஒருமுறை, மூணு நாலு வாரம். ஒரே தடவையில போகாது, முட்டை இருக்கும். பொறுமை இல்லைன்னா செம்பருத்தி வேண்டாம்னு நேரடியாவே சொல்லிடறேன்.

துஜாவுக்கு வர்ற தொல்லை செந்நிறச் சிலந்திப் பேன். கண்ணுக்கே தெரியாது. வறண்ட கோடையில இலை மங்கி, தூசி படிஞ்ச மாதிரி ஆனா, ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடிச்சுக் கிளையைத் தட்டுங்க. விழுந்த புள்ளிகள் நகர்ந்தா பேன். வாரம் ரெண்டு தடவை செடி மேல நல்லா தண்ணி பீய்ச்சினாலே அதோட எண்ணிக்கை குறையும்.

டிசம்பர் மாச ஆசை

துஜாவை விட அதிகமா யோசிக்க வேண்டியது 'கிறிஸ்துமஸ் ட்ரீ'ன்னு தொட்டியில விக்கிற அரக்கேரியா. அடுக்கடுக்கா கை நீட்டின மாதிரி அழகா இருக்கும். ரெண்டு அடி உயரத்துல பார்த்து மயங்கிடாதீங்க, அது குட்டி. இந்தியாவுல இந்தப் பேர்ல வளர்றதுல நிறைய, பசிபிக் பெருங்கடல்ல இருக்கிற நியூ கலிடோனியா தீவைச் சேர்ந்த குக் பைன். சொந்த ஊர்ல அது 60 மீட்டர் வரைக்கும் போகும். கேப்டன் குக்கோட கப்பல் 1774-ல அங்கே போனதால அந்தப் பேர்.

இதுல ஒரு வேடிக்கை. இந்த மரம் நேரா வளராது, பூமத்திய ரேகையைப் பார்த்துச் சாயும். உலகம் முழுக்க 256 மரங்களை அளந்து 2017-ல வெளியான ஆய்வுல, வட அரைக்கோளத்துல இருக்கிறது தெற்குப் பக்கமும், தென் அரைக்கோளத்துல இருக்கிறது வடக்குப் பக்கமும் சாய்ஞ்சிருந்தது தெரிஞ்சது. சராசரியா 8 டிகிரிக்கு மேல. நம்ம ஊர்னா தெற்குப் பக்கம். உங்க வீட்டுக்குத் தெற்கே ஈ.பி. லைன் போகுதான்னு பார்த்துக்கோங்க!

உயரமாகிடுச்சுன்னு உச்சியை வெட்டினா அந்த அழகே போயிடும். 2016 டிசம்பர் 12-ல வர்தா புயல் சென்னையில எத்தனை ஆயிரம் மரங்களைச் சாய்ச்சதுன்னு பார்த்தவங்க, காம்பவுண்ட் ஓரத்துல உயரமா ஒத்தை மரம் வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிப்பாங்க. சில வருஷம் தொட்டியில வெச்சு அனுபவிங்க, தப்பில்லை. 800 சதுர அடி மனையில தரையில இறக்காதீங்க.

அப்போ எதை வாங்கறது?

ஊரைப் பொறுத்தது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மாதிரி குளிர் இடம்னா ஊசியிலைக்கே என் ஓட்டு. குளிர் அதிகமான இடத்துல செம்பருத்தி சுணங்கும், பூ குறையும். ஓசூர், பெங்களூர் பக்கம்னா ரெண்டுமே சந்தோஷமா வளரும். சென்னை, திருச்சி, மதுரை, நெல்லைன்னா நான் செம்பருத்தி பக்கம்தான். குறைஞ்சது அஞ்சாறு மணி நேரம் நேரடி வெயில் இருக்கணும். அது இல்லாத இடத்துல ரெண்டும் வேண்டாம்.

செம்பருத்தியிலயும் எதுங்கிறது முக்கியம். நர்சரியில தட்டு அகலத்துக்கு, மூணு கலர்ல பூத்திருக்கிற ஹைப்ரிட் கண்ணைப் பறிக்கும். ஆனா அதுக்குக் கவனிப்பு அதிகம், பூச்சியும் சீக்கிரம் வரும். முதல்முறை வளர்க்கிறவங்களுக்கு நாட்டு ரகம் ஒத்தைச் சிவப்புதான் பெஸ்ட். தேன்சிட்டுக்கும் அதுதான் வசதி, அடுக்குச் செம்பருத்தியில இதழுக்குள்ள தேனைத் தேடறது கஷ்டம். ஒரு பூ ஒரு நாள்தான் இருக்கும், ஆனா நாளைக்கு இன்னொண்ணு விரியும். ஆட்டுச்சாணம், மக்கிய தொழுவுரம் எல்லாம் நல்லது. யூரியாவை அள்ளிப் போட்டா இலைதான் வரும், பூ வராது.

ஒரு சின்ன டிப்: கடையில 'ஹைபிஸ்கஸ் டீ'ன்னு விக்கிற சிவப்பு டீ இந்தப் பூவுல செய்யறது இல்லை. அது புளிச்சக்கீரைக்கு நெருங்கின வேற செடியோட புல்லிவட்டம். வீட்டுச் செம்பருத்தி டீ அந்த அளவுக்குப் புளிக்காது, ஏமாந்துட்டோம்னு நினைக்காதீங்க.

இட்லிப்பூ வைக்கலாமான்னு கேட்பீங்க. வைக்கலாம், அடக்கமா வளரும். ஆனா அதுக்கு லேசா அமிலத்தன்மை உள்ள மண் வேணும். உப்பு, சுண்ணாம்பு அதிகமான போர்வெல் தண்ணி ஊத்தினா இலை நரம்பு மட்டும் பச்சையா, மிச்சமெல்லாம் மஞ்சளாகும். அரளி எந்த வெயிலையும் தாங்கும், ஆனா இலை, பூ, தண்டுன்னு அத்தனையும் விஷம். வாயில எதையும் வைக்கிற வயசுக் குழந்தை இருக்கிற வீட்டுல வேண்டாமே.

எங்க வீட்டு வலது பக்கத்துக் குழியை ஒழுங்கா தோண்டி மண் மாத்தினதும், புதுசா செம்பருத்தி வாங்கலாம்னு நர்சரிக்குக் கிளம்பினேன். அம்மா தடுத்தாங்க. எதிர்வீட்டு அக்கா பல வருஷத்துக்கு முன்னாடி எங்க செடியிலிருந்து ஒரு குச்சியை ஒடிச்சுட்டுப் போய் வெச்சிருந்தாங்களாம். அது இப்போ அவங்க மாடி ஜன்னல் உயரத்துக்கு நிக்குது. குச்சியிலிருந்து வளர்றது விதைச்செடி மாதிரி வேற செடி இல்லை, அதே செடிதான்.

மழை ஆரம்பிச்சதும் பென்சில் தடிமன்ல, ஏழெட்டு அங்குலத்துக்கு நாலு குச்சி வாங்கினோம். பச்சைத் தளிரும் இல்லாம, முத்தின கட்டையும் இல்லாம, நடுவாந்தரமா. கணுவுக்குக் கொஞ்சம் கீழே சாய்வா வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி நிழல்ல நட்டோம். ஒரு மாசத்துல மூணு துளிர்த்தது. செலவு ஒண்ணுமில்லை, அக்காவுக்கு ஒரு கிண்ணம் பாயசம் மட்டும்.

இப்போ கேட்டுக்கு இடது பக்கம் துஜா, வலது பக்கம் செம்பருத்தி. 'ரெண்டும் ஜோடியே சேரலையே'ன்னு வர்றவங்க சொல்றாங்க. போன வாரம் அம்மா எட்டுப் பூ பறிச்சாங்க. துஜாவுக்குத் தண்ணி ஊத்தற வேலை என்னுடையது, தினமும் விரலை மண்ணுல விட்டுப் பார்த்துட்டுத்தான்.